பிள்ளை தேறிட்டான் என்கிறோம், உடம்பில் எது தேறியது?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். இரத்தப் புற்றுநோய்க்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மாதக்கணக்காக இருந்து வைத்தியம் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். பார்க்கப் போனபோது பன்பாயில் இருந்து பிட்டும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னம் இரண்டும் உப்பலாக இருந்தன. வயிறு சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டு நின்றது. "போகக்குள்ள எலும்பும் தோலுமாப் போன புள்ள. இப்ப எப்படித் தேறிட்டான் எண்டு பாருங்க மகள்" என்று அவனுடைய அம்மம்மா கண்கலங்கச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவ எழும்பினான். நேராக எழும்பவில்லை. முதலில் ஒரு பக்கம் திரும்பி முழங்காலில் நின்றான். பிறகு ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்து, ஒரு மூட்டையைத் தூக்கி நிறுத்துகிறவன் மாதிரித் தன் உடம்பைத் தூக்கி நிறுத்தினான். ஒன்பது வயது. அந்த வயதில் பிள்ளை எழும்புவது கண்ணுக்கே தெரியாது. இப்போது பாயில் இருக்கும், அடுத்த நொடி முற்றத்தில் நிற்கும்.

அம்மம்மா சொன்னதும் பொய்யில்லை, நான் பார்த்ததும் பொய்யில்லை. நிறை கூடியிருந்தது. கூடியது எது என்பதைத்தான் நாங்கள் யாரும் கேட்கவில்லை. கிளினிக் கொப்பியிலும் கிலோ கணக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கியபோதுதான் பழுப்புக் கொழுப்பு என்ற விஷயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் சிகிச்சை என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது குருதிப் புற்றுநோய். அதிலும் மிகப் பொதுவான வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும். தொடக்கத்தில் ஏறத்தாழ நாலு வாரம் ஸ்டீரொய்ட் மருந்து தினமும் கொடுப்பார்கள். அது புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும், உயிரைக் காப்பாற்றும். அதே மருந்து பசியை நெருப்பாக மூட்டும். நடுச்சாமத்தில் எழும்பிச் சோறு கேட்கும் பிள்ளைகளைப் பற்றி எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லுவார். தின்றதெல்லாம் கொழுப்பாக முகத்திலும் வயிற்றிலும் படியும். இதற்குள், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் நடக்கும். ஸ்டீரொய்ட் தசையில் உள்ள புரதத்தை உடைத்து எடுக்கும். தொடையும் இடுப்பும்தான் முதலில் மெலியும். எலும்பின் அடர்த்தியும் குறையும்.

வின்கிறிஸ்டின் என்று ஒரு ஊசி மருந்து கூடவே போகும். அது காலுக்குப் போகும் நரம்புகளைத் தாக்கக்கூடும். பாதத்தை உயர்த்த முடியாமல் சில பிள்ளைகள் செருப்பை இழுத்து இழுத்து நடப்பது அதனால்தான். நடக்கக் கஷ்டமான பிள்ளை நடக்காது. நடக்காத பிள்ளைக்குத் தசை வளராது. தலைக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்த பிள்ளைகளில் மூளையின் அடியில் பசியையும் வளர்ச்சி ஹோர்மோனையும் ஆளும் பகுதி பாதிக்கப்பட்டு, பிற்காலத்தில் உடம்பு பருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இன்று குருதிப் புற்றுநோய்க்குத் தலைக் கதிர்ச் சிகிச்சை முன்னைவிட மிகக் குறைவாகவே கொடுக்கப்படுகிறது என்பது ஆறுதல்.

ஆக, தராசில் முள் மேலே போகிறது. உள்ளே தசை இறங்கி, கொழுப்பு ஏறுகிறது. ஒரு கிலோ தசை போய் இரண்டு கிலோ கொழுப்பு வந்தால் தராசு "ஒரு கிலோ கூடியிருக்கிறது" என்றுதான் சொல்லும். உயரத்துக்கேற்ற நிறை என்று பார்த்தாலும் சரியாகவே இருக்கலாம். ஒல்லியாய் இருக்கும் பிள்ளையிடமும் இந்தக் கோளாறு ஒளிந்திருக்கும். தசை குறைந்து கொழுப்பு மிகுந்த இந்த உடம்போடு வளர்கிறவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் எல்லாம் மற்றவர்களைவிட முந்தி வரக்கூடும். புற்றுநோயை வென்ற பிள்ளை முப்பது வயதில் சீனி வருத்தத்தோடு கிளினிக் வரிசையில் நிற்கக்கூடாது என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

இனிக் கொழுப்புக்கு வருவோம். கொழுப்பு என்றால் நமக்குத் தெரிந்தது ஒரே வகை. இறைச்சி வெட்டும்போது வெள்ளையாய், மஞ்சளாய்ப் படிந்திருப்பது. அது சேமிப்பு. நெல் மூட்டை மாதிரி, வேண்டும்போது எடுத்துச் செலவழிக்கலாம். உடம்பில் இன்னொரு கொழுப்பும் இருக்கிறது, அதுதான் பழுப்புக் கொழுப்பு. அது சேமிப்பதற்கு இல்லை, எரிப்பதற்கு. 1551-ல் கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிஸ் இயற்கையறிஞர், குளிர்காலம் முழுக்க உறங்கும் மலை அணில் ஒன்றின் தோள்பட்டைக்கு நடுவே இதைக் கண்டு, கொழுப்பும் இல்லை தசையும் இல்லை, இரண்டுக்கும் நடுவிலான ஏதோ ஒன்று என்று எழுதி வைத்தார். அதன் கலங்களில், சாப்பாட்டைச் சக்தியாக்கும் இழைமணிகள் (மைட்டோகொண்ட்ரியா) நெருக்கமாக அடைந்து கிடக்கும். இழைமணியில் இரும்பு உண்டு. அதனால்தான் பழுப்பு நிறம்.

இது எப்படி எரிக்கிறது என்பதை அம்பாறைக்காரர்களுக்கு விளங்கப்படுத்துவது லேசு. இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு மின்நிலையமும் இருக்கிறது. உயரத்தில் தேங்கிய தண்ணீர் அதன் சுழலிகள் வழியாக இறங்கினால் மின்சாரம் கிடைக்கும். மாரியில் குளம் நிறைந்து வான் பாய்ந்தால், அதே தண்ணீர் அதே உயரத்திலிருந்துதான் இறங்குகிறது, ஆனால் மின்சாரம் இல்லை, இரைச்சல் மட்டும்தான். நம் கலங்களில் உள்ள ஒவ்வொரு இழைமணியும் ஓர் அணைக்கட்டு. சாப்பாட்டை எரித்து வரும் சக்தியால் ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் புரோத்தன்கள் என்ற மின்னேற்றமுள்ள நுண்துகள்களைத் தேக்கி வைக்கும். அவை ஒரு சிறு சுழலி வழியாகத் திரும்பி இறங்கும்போது, உடம்பின் காசு என்று சொல்லக்கூடிய ஏரிபி உண்டாகும். பழுப்புக் கொழுப்பின் இழைமணியில் மட்டும் யூசிபி1 என்ற புரதம் உண்டு. அது வான் கதவு. அது திறந்தால் தேங்கியதெல்லாம் சுழலியைத் தொடாமல் இறங்கிவிடும். ஏரிபி கிடைக்காது. சக்தி முழுவதும் சூடாகிப் போகும்.

பிறந்த குழந்தைக்கு இந்தச் சூடு உயிர். பச்சைக் குழந்தையால் நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்ற முடியாது. தோளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்புத்தான் அதற்கு அடுப்பு. வளர வளர அது குறைந்து மறைந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தது புற்றுநோய் ஸ்கேன். பெட் ஸ்கேன் எடுக்கும்போது லேசான கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோசை ஊசியில் போடுவார்கள். புற்றுக் கலங்கள் சீனியை வாரி இழுக்கும். ஆகவே புற்று இருக்கும் இடம் படத்தில் ஒளிரும். ஆனால் சிலருக்கு, புற்றே இல்லாத இடத்தில், இரண்டு காறை எலும்புக்கும் மேலே, கழுத்தின் இரு பக்கமும் ஒரே அளவாக ஒளிர்ந்தது. குளிர்ந்த அறையில் இருந்தவர்களுக்கு இது கூடுதலாக நடந்தது. 2009-ல் அமெரிக்கா, நெதர்லாந்து, பின்லாந்து என மூன்று இடங்களின் ஆய்வாளர்கள் ஒரே மருத்துவ இதழில், வளர்ந்த மனிதருக்கும் வேலை செய்யும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது என்று உறுதிப்படுத்தினார்கள். ஒல்லியானவர்களிடம் அது கூடுதலாகவும் பருத்தவர்களிடம் குறைவாகவும் தெரிந்தது.

இதில் என் மனதைத் தொட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்காக என்று ஒரு சுகதேகியான பிள்ளைக்குக் கதிரியக்க ஊசி போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. அதனால் வளரும் பிள்ளைகளின் பழுப்புக் கொழுப்பைப் பற்றி அந்த ஸ்கேன் கற்றுத்தந்தது அநேகமாக எல்லாமே நோய்க்காக ஸ்கேன் எடுத்த பிள்ளைகளின் படங்களிலிருந்து வந்தது. உலகத்துப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி இந்தப் பிள்ளைகள்தான் நமக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள்.

அப்படிப் படங்களை எடுத்துவைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் சிறுவர் வைத்தியசாலையின் விசென்டே ஹில்சான்சும் அவருடைய குழுவும். 2011, 2012-ல் அவர்கள் வெளியிட்டவற்றில் மூன்று விஷயம் நமக்கு வேண்டும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில், நோய் கண்டுபிடித்த நேரத்துப் படங்களில் பழுப்புக் கொழுப்பு அரிதாகவே தெரிந்தது. நோய் நீங்கியபின் எடுத்த படங்களில் அது பெருவாரியாகத் தெரிந்தது. நோயோடு மல்லுக்கட்டும் உடம்பு அந்த அடுப்பை அணைத்து வைத்து, ஆபத்து நீங்கியதும் திரும்பப் பற்றவைத்த மாதிரி. இரண்டாவது, சிகிச்சை வெற்றியாக முடிந்த பிள்ளைகளில் எவருக்குப் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டதோ அவர்களுக்கு வெள்ளைக் கொழுப்புச் சேர்ந்தது குறைவு. விழிக்காதவர்களுக்குச் சேர்ந்தது கூட. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பழுப்புக் கொழுப்புத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தசையும் கூடுதலாக இருந்தது. பருவமடையும் வயதில் இரண்டும் சேர்ந்தே பெருகுகின்றன.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பழுப்புக் கொழுப்பு விழித்ததால் பிள்ளை பருக்காமல் இருந்ததா, நன்றாகத் தேறிய பிள்ளைக்கு அது தானாகவே விழித்ததா என்பதை இந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் பெரிதல்ல. பெட் ஸ்கேன் காட்டுவது அந்த ஒரு மணிநேரத்தில் யாருடைய பழுப்புக் கொழுப்பு சீனியை இழுத்தது என்பதை மட்டும்தான். அன்று அறை சூடாக இருந்தால் இருப்பதும் தெரியாமல் போகும். பழுப்புக் கொழுப்பின் மொத்த எடையும் கொஞ்சம்தான், பெரியவர்களில்கூடச் சில பத்துக் கிராம்தான் இருக்கும். தசையோ உடம்பு நிறையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வரும். ஆகவே பழுப்புக் கொழுப்பை நான் ஒரு விளக்காகவே பார்க்கிறேன். அது எரிந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டைக் கட்டுவது தசை.

நம்முடைய இடத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? பழுப்புக் கொழுப்பைத் தட்டியெழுப்புவது குளிர். மட்டக்களப்பில் மார்கழிக் கூதல் என்று நாங்கள் போர்வை தேடும் இரவிலும் வெப்பமானி இருபதுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இன்னொன்றும் இருக்கிறது. தென்னாசியக் குழந்தை பிறக்கும்போதே ஐரோப்பியக் குழந்தையைவிட மெலிவாகவும், அந்த மெலிந்த உடம்புக்குள் தசை குறைந்து கொழுப்பு மிகுந்தும் பிறக்கிறது என்பது இந்தியாவில் பல வருடம் ஆராய்ந்து கண்ட உண்மை. 2014-ல் நெதர்லாந்தில் மெலிந்த தென்னாசிய இளைஞர்களையும் வெள்ளை இளைஞர்களையும் ஒரே மாதிரிக் குளிரவைத்துப் பார்த்தபோது, நம்மவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பங்கெடுத்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான், ஆகவே கல்வெட்டாக எடுக்க வேண்டாம். ஆனாலும், கொழுப்புச் சேரும் உடம்போடு பிறந்து, அதன் மேல் ஸ்டீரொய்டும் ஏறிய பிள்ளைக்கு மற்ற நாட்டுப் பிள்ளையைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்று எண்ண இது போதும்.

குளிர் என்றதும் பயணம் ஞாபகம் வருகிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் எல்லாப் பரிசோதனைக்கும் அது போதாது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் வேண்டும் என்று 2016-ல் நாடு முழுக்க மக்கள் சில்லறையாகவும் நோட்டாகவும் சேர்த்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைக்குப் பெட் ஸ்கேன் என்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ இரவு ஏசி பஸ் ஏறி, விடிய விடிய அந்தக் குளிர்க்காற்றில் இருந்து, வெறும் வயிற்றோடு ஒரு குளிர் அறையில் போய் இருக்கும் பிள்ளை. பழுப்புக் கொழுப்பு விழிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? கழுத்தில் அது ஒளிர்ந்தால் நிணநீர்க் கணுவில் நோய் திரும்பிவிட்டதோ என்ற சந்தேகம் வரலாம், அல்லது உண்மையான கணுவை அது மறைத்துவிடலாம். அனுபவமுள்ள கதிரியக்க வைத்தியர்கள் பிரித்தறிவார்கள். என்றாலும் அந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பது நம் கையிலும் இருக்கிறது. சுவெட்டர், காதுமூடி, காலுறை, ஒரு போர்வை. பஸ்ஸிலேயே போட்டுவிட வேண்டும். ஊசி போடுவதற்கு முன்னும், போட்ட பிறகு காத்திருக்கும் நேரத்திலும் பிள்ளை கதகதப்பாக இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு முதல்நாள் ஓடியாடவும் விட வேண்டாம், களைத்த தசையும் சீனியை இழுக்கும்.

அப்படியென்றால் பழுப்புக் கொழுப்பை எழுப்பப் பிள்ளையைக் குளிரில் விடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஜப்பானில் 2013-ல் வெளியான ஆய்வொன்றில் வளர்ந்த, நோயற்ற ஆட்களைத் தினமும் இரண்டு மணிநேரம் 17 பாகை அறையில் ஆறு வாரம் வைத்தபோது பழுப்புக் கொழுப்பு கூடி, உடம்புக் கொழுப்பு கொஞ்சம் குறைந்தது உண்மை. சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் மிராபெக்ரோன் என்ற மாத்திரையும் அதை எழுப்புகிறது, கூடவே இதயத் துடிப்பையும் ஏற்றுகிறது. புற்றுநோயிலிருந்து எழும்பும் பிள்ளைக்கு இவை எதுவும் பொருந்தாது. சில மருந்துகள் இந்தப் பிள்ளைகளின் இதயத்தை ஏற்கெனவே களைக்க வைத்திருக்கும். பழுப்புக் கொழுப்பைத் தூண்டும் தூள், தேநீர் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தசைக்கு ஒரே வழி அதற்கு வேலை கொடுப்பது. இங்கேதான் நம் அன்பு குறுக்கே நிற்கிறது. நோயிலிருந்து வந்த பிள்ளையை நாங்கள் நிலத்தில் கால்வைக்க விடுவதில்லை. தண்ணீர்க் கோப்பையைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுப்போம். பாடசாலையில் ஆசிரியரும் இரக்கப்பட்டு, விளையாட்டுப் பாடத்தில் வேப்பமர நிழலில் கதிரை போட்டு இருத்துவார். இரக்கத்தில் பிழையில்லை. ஆனால் அந்த நிழலில் தொடைத் தசை இன்னும் கரைகிறது. இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத்தட்டு குறைந்திருக்கும் நாட்களில், காய்ச்சல் நாட்களில், மார்பில் மருந்து ஏற்றும் குழாய் இருக்கும்போது முட்டிமோதும் விளையாட்டு ஆகாது. மற்ற நாட்களில் எது செய்யலாம் என்று வைத்தியரிடம் கேட்டு, செய்யலாம் என்றதைச் செய்யவிட வேண்டும். பின்னேரம் கல்லடிக் கடற்கரை மணலில் நடப்பது, சுகமாகிவிட்ட பிள்ளையென்றால் சைக்கிள், கிளித்தட்டு. மணலில் நடப்பது தரையில் நடப்பதைவிடக் காலுக்கு இரட்டிப்பு வேலை. பாதம் இழுபடுகிற பிள்ளையை இயன்மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சாப்பாட்டில் சிக்கல் அளவில் இல்லை, வகையில். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் பிஸ்கட் பக்கெட்டும் மோல்ட் டின்னும் சோடாப் போத்தலும் கொண்டுவருவார்கள். அதெல்லாம் மூட்டையில் போய்ச் சேரும் நெல். தசைக்கு வேண்டியது புரதம், அது நம் வாசலில் சைக்கிள் பெட்டியில் வருகிறது. சூடை மீனும் கீரி மீனும் விலையும் குறைவு, முள்ளோடு அவித்து மசித்தால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். அவித்த முட்டை, பருப்பு, அவித்த கச்சான், முருங்கையிலை. தயிரைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. எருமைத் தயிர் நம் பெருமைதான், ஆனால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் திறந்து வைத்த சட்டித் தயிர் கிருமியைக் கொண்டுவரலாம். அதை எப்போது தொடங்கலாம் என்று வாட்டில் உள்ள மிஸ்மாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவிடுவது எப்படி? பெரிய இடங்களில் டெக்ஸா என்ற எக்ஸ்ரே கருவியில் எலும்பு, தசை, கொழுப்பு என்று பிரித்துக் காட்டுவார்கள். பழுப்புக் கொழுப்பைக் கதிரே இல்லாமல், கழுத்தின் சூட்டை வெப்பக் கமராவால் படமெடுத்துப் பார்க்கும் முறையை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் சுகதேகியான பிள்ளைகளிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். நமக்கு இன்றைக்குக் கிடைப்பது ஒரு அளவுநாடாவும் கண்ணும். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை எழுதி வைக்கலாம். நிறை மெல்லக் கூடி இடுப்பு வேகமாகக் கூடினால் போகிற திசை தெரிந்துவிடும். அதைவிடப் பாய் நல்ல கருவி. கை ஊன்றாமல் எழும்புகிறதா, படிக்கட்டில் எத்தனை படிக்குப் பிறகு நிற்கிறது, புத்தகப் பையைத் தானே தூக்குகிறதா என்று பார்த்து, கிளினிக் நாளில் அதைச் சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்வது என்று இருக்க வேண்டாம். அன்று ஐம்பது பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியருக்கு உங்கள் பிள்ளை பாயில் எழும்புவதைப் பார்க்க வழியில்லை.

நாலு வீடு தள்ளி இருக்கும் பையனின் அம்மாவுக்கு இதையெல்லாம் ஒரேயடியாகச் சொல்லப் போய்ப் பயப்படுத்திவிடக் கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அக்கா, அப்ப நான் குடுத்த சாப்பாடு பிழையா?" பிழையில்லை, அந்தப் பசியை மருந்து மூட்டியது, நீ பிள்ளையைப் பட்டினி போட முடியாது என்றேன். அடுத்த கிளினிக்கில் அவளே கேட்டு இயன்மருத்துவரிடம் பயிற்சி எழுதிய ஒரு துண்டுக் காகிதம் வாங்கி வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் கதிரையில் இருந்து எழும்பித் திரும்ப இருப்பது, பத்துத் தரம். அம்மம்மா எண்ணுவார். எட்டில் நிறுத்திவிட்டுப் போதும் மனே என்பார், அவன் விடமாட்டான். போன கிழமை போனபோது பாயிலிருந்து எழும்பினான். கதவு நிலையைப் பிடிக்கவில்லை. தொடையில் கை ஊன்றுவது இன்னும் இருக்கிறது.